ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி!

ஐப்பசி மாதம் மல்லாங்கிணறு பக்கம் வானம் கறுத்து இடி உருண்டால், மருந்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது பட்டாசு வேலையில் பாலபாடம். டீக்கடையில் மழைக்கு ஒதுங்கிய தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, இந்த மேகத்துக்குள்ள சின்ன ஏரோப்ளேன் ஒண்ணு தெரியாம பூந்துட்டா? சட்டுனு திருப்பிட்டு வந்துர வேண்டியதுதானே?"

அதுதான் கூடாதாம்! மேகத்தைத் தூரத்தில் பார்த்தால் 20 மைல் ஒதுங்கிப் போகலாம். உள்ளே போயாச்சு என்றால் நேரே மறுபக்கம் வெளியேறுவதே உத்தமம். திரும்பினால் இறக்கைமேல் பாரம் ஏறும். குலுக்கலில் அது ஆபத்து.

அடுத்தது வேகம். செஸ்னா 172எஸ் என்ற நாலு பேர் விமானத்தை, எடைக்குத் தகுந்தபடி மணிக்குச் சுமார் 165-லிருந்து 195 கிலோமீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஆள் குறைந்தால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். லேசான வண்டியைத்தான் காற்று அதிகமாகத் தூக்கிப் போடும்.

காற்று ஐந்நூறு அடி தூக்குகிறதா, தூக்கட்டும். அமுக்குகிறதா, கீழே மலை இல்லாதவரை அமுக்கட்டும். உயரத்தைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று மூக்கை இழுத்து மல்லுக்கட்டக் கூடாது. பி.காம். பாஷையில் சொன்னால், உயரத்தில் பற்று வரவு இருக்கலாம். இறக்கை இரண்டும் டேலி ஆக வேண்டும்! மின்னல் கண்ணைப் பறிக்காமலிருக்க உள்விளக்குகளைப் பளிச்சென்று எரியவிட வேண்டும்.

இதற்கெல்லாம் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் காது பொய் சொல்லும். சாய்ந்திருப்பது நேராகத் தோன்றும். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேருக்கு வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னது. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 விநாடி. ஆர்டர் பண்ணின டீயே அதற்குள் வராது சார்!

சரி, அனுபவசாலி தப்பிப்பாரா? 2009 செப்டம்பர் 2. ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி, இரண்டு பைலட்டுகள் உட்பட 4 பேருடன் ஹைதராபாத்திலிருந்து சித்தூருக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். வழியில் மழை மேகம். அந்த நேரம் பார்த்து எண்ணெய் அழுத்த எச்சரிக்கை வேறு. பைலட்டுகள் ஆறு நிமிஷத்துக்கும் மேலாக அதற்கான வழிமுறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றது விசாரணை அறிக்கை. கீழ்நோக்கி அமுக்கிய காற்றையும் அது காரணமாகச் சொன்னது. நல்லமலைக் காட்டில் சிதறிக் கிடந்த ஹெலிகாப்டரை மறுநாள்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஐந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.