வாயிலில் வந்து நின்றவள்

திகில் நாவல் என்றதும் முகஞ்சுளிக்கும் தமிழன்பர்கள் நம்மிடையே பலர். குறளும் சிலம்பும் பேச வேண்டிய மலரில் பேய்க்கு என்ன வேலை என்பார்கள். அவர்களோடு எனக்குள்ள வழக்கு சிறியது. காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொண்டவர். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழட்டு உண்கின்றன. பேயை வெளியே தள்ளிக் கதவடைப்பதானால் இவற்றையும் சேர்த்தே தள்ளியாக வேண்டும்.

என் பெரிய வழக்கு, அந்நாவல்களை விரும்பிப் படிப்பவர்களோடுதான். நள்ளிரவு, சலங்கையொலி, வெள்ளைப் புடவை, அத்தியாயக் கடைசியில் ஓர் அலறல். இவை இருந்தால் விறுவிறுப்பு வந்துவிட்டது என்கிறார்கள். தெருவில் டயர் வெடித்தாலும் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கிறது. அதை எவரும் இலக்கியம் என்பதில்லை. திடுக்கிடல் ஒரு நொடி. ஐயமோ புத்தகத்தை மூடிய பின்னும் உடன் வருவது. வாயிலில் வந்து நிற்கும் அந்நியரைப் பற்றி நம்மைத் தீர்ப்புச் சொல்லவிடாமல் தவிக்க வைக்கும் நாவலே திகில் நாவல் என்பது என் கட்சி.

பெரியாற்றின் கரையில் வாழும் நாம் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. இதே ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மலையாற்றூரின் பெயரைத் தாங்கியவர் மலையாற்றூர் இராமகிருஷ்ணன். 1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். கேரளத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தின் கதையை ‘வேருகள்’ என்று 1966இல் எழுதினார். மறு ஆண்டே ‘யட்சி’யை எழுதினார்.

அதன் நாயகன் சீனிவாசன் கல்லூரி ஆசிரியன். ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்தவன். அமிலத்தோடும் அம்மோனியாவோடும் நாளைக் கழிக்கும் ஏலூர்க்காரருக்கு அக்கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. விரும்பியவளும் விலகிவிட்ட வேளையில் ராகிணி வருகிறாள், அவனை மணக்கிறாள். அவள் எவ்வூரினள், உற்றார் யாவர் என்பது தெளிவில்லை. இத்தனை அழகி இந்த முகத்தை ஏன் விரும்ப வேண்டும்? மானிடப் பெண்ணாயின் விரும்புவாளா? நாவலின் பேரச்சம் இந்தத் தருக்கத்தில்தான் உள்ளது. எந்தப் பனைமரத்து உச்சியிலும் இல்லை. கணவனாக வாழ இயலாத தன் குறையையும் அவன் அவள்மீதே ஏற்றுகிறான். அவள் யட்சிதான் என்பதற்கு ஒரு குறிப்பு, அவன் மனம் பேதலித்தது என்பதற்கு ஒரு குறிப்பு என ஆசிரியர் மாறிமாறி வைத்துக்கொண்டே போகிறார். அலுவலகத்தில் கோப்பை நிலுவையில் வைத்தால் விளக்கம் கேட்பார்கள். நாவலாசிரியருக்கு அதுவே கலை.

புதுமைப்பித்தனும் இதை அறிந்தவர். 1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’ சிறுகதைதான். எனினும் பல தடித்த நாவல்கள் அதனருகே நிற்க மாட்டா. பிச்சை கேட்டு வந்தவளை இல்லத்தரசி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கோ உறக்கம் போகிறது. பேய் அவளா, அவன் மனமா? ஆசிரியர் முடித்துச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் வருபவை ஆவிகளா, ஆசிரியையின் மனமயக்கமா என்று திறனாய்வாளர் இன்றும் சண்டையிடுகின்றனர்.

இறுதியில் விடை வேண்டாமா என்று கேட்பார்கள். கடைசி அத்தியாயத்தில் மந்திரவாதியோ இன்ஸ்பெக்டரோ வந்து முடிச்சவிழ்க்க வேண்டுமாம்! அவர் வந்த கணத்தில் வாசகனுக்குச் சிந்திக்கும் வேலை ஒழிந்தது. விரைந்த தீர்ப்பின் விலையைத் திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதை காட்டுகிறது. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி அவை ஏறுகிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. வேறென்ன சான்று வேண்டும்? வேளாளர் எழுபதின்மர் அவனுடைய வாளை வாங்கி வைத்து, உயிர்ப்பிணை கொடுத்து, அவளோடு அனுப்புகின்றனர். விடிந்தால் அவன் பிணம், எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். அஞ்சத்தக்கவள் நீலி, ஆனால் கொலையுண்டவளும் அவளே என்பதால் அவள் பக்கமும் நீதி இருக்கிறது. இந்த முரணை வைத்து முந்நூறு பக்கம் எழுதும் துணிவு நம் திகில் நாவலாசிரியர் எத்தனை பேருக்கு உண்டு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்தில் ஆவியாகப் பேசப்படும் நாகவல்லி தஞ்சாவூர் நடனமாது, தமிழில் பாடுகிறாள். அதுவே 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’ ஆனபோது, ஆவி தெலுங்கு பேசியது. அவரவர்க்கு அடுத்த வீட்டு மொழியே பேயின் மொழி! பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் இதைச் சிரித்துக் கடந்துவிடலாகாது. வாடகைக்கு வீடு கேட்டு நின்றபோது, எந்த ஊர், யாருடைய மக்கள் என்ற கேள்வியை நம்மில் கேளாதவர் யார்? ராகிணியைச் சுற்றி எழும் கேள்வியும் அதுவே.

இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்றவர்கள். ‘யட்சி’யை மூலத்திலேயே படிக்க வல்லவர்கள். மலையாள எழுத்தறியாத பெற்றோருக்கு மாலையில் இரண்டு அத்தியாயம் வாசித்துத் தமிழில் சொல்லட்டும். முகஞ்சுளிக்கும் அன்பர்களும் உடனமர்ந்து கேட்கலாம்.