கழற்ற முடியுமா என்று கேளுங்கள்

2013 முதல் 2017 வரை வந்த மேக்புக் ஏர் உங்கள் வீட்டில் இருந்தால், 128 ஜிபி நிரம்பிவிட்டது என்பதற்காக அதைப் பழைய பொருள் விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அடிமூடியில் பத்துத் திருகுகள். திறந்தால் உள்ளே எஸ்எஸ்டி எனும் சேமிப்பக அட்டை ஒற்றைத் திருகில் நிற்கிறது. இணைப்பு வாய் ஆப்பிளுக்கே உரிய வடிவம்தான். ஆனாலும் விரல்நுனி அளவு அடாப்டர் ஒன்றைச் செருகினால், கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 என்விஎம்இ அட்டை அதில் பொருந்திவிடும். ஒரு முன்னேற்பாடு முக்கியம்: பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே, 2017-இல் வெளிவந்த ஹை சியராவையோ அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ்ஸையோ ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய அட்டையைக் கணினி அடையாளம் காணாது. காப்புநகல் எடுப்பதையும் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுவதையும் சொல்லவே வேண்டியதில்லை. 2013, 2014 மாடல்களில் ஆழ்ந்த உறக்கநிலையிலிருந்து எழும்போது தொல்லை வருவதுண்டு. அமைப்பில் அந்த உறக்கநிலையை அணைத்து வைக்கலாம். மிக வேகமான அட்டைக்குப் பணத்தைக் கொட்டுவது வீண், பழைய பலகை அந்த வேகத்தைத் தராது. இடம்தான் லாபம், அது பெரிய லாபம். என் வருத்தம் வேறு. 2018-இல் வந்த புதிய ஏரில் சேமிப்பகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். பலகை பழுதானால் படங்களும் கோப்புகளும் அதோடு போகும் அபாயம் இருக்கிறது. மெலிவுக்காக இந்த விலை கொடுப்பது நியாயமே இல்லை. அடுத்த மடிக்கணினி வாங்கும்போது, எந்த நிறுவனத்துடையதானாலும், எஸ்எஸ்டியைக் கழற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.