தீயொடு பொருது மாய்ந்த விமானிகளும் நம் நடுகல்லும்

மாண்டாரை நினைத்தல் தமிழர்க்குப் புதியதொரு வழக்கமன்று. போரிற்பட்ட மறவனுக்குக் கல் தேர்ந்து, அதனை நீராட்டி, பெயர் பொறித்து நட்டு, வாழ்த்துகின்ற முறையைத் தொல்காப்பியனார் புறத்திணையியலிலே வகுத்துக் கூறியிருக்கின்றார். அக்கல் பகைவரை வென்றானுக்கு மட்டும் உரியதன்று. ஊராரின் ஆநிரையைக் காத்து வீழ்ந்தவனுக்கும், ஊருக்குட் புகுந்த புலியைக் குத்தித் தானும் மாண்டவனுக்கும் அது நடப்பட்டது. எங்கள் கொங்கு நாட்டிலே அத்தகைய புலிகுத்திக் கற்களை இன்றும் காணலாம். ஆதலின், மனிதரோடன்றி நெருப்போடு பொருது உயிர் நீத்தாரும் நடுகல்லுக்கு உரியரே என்பதில் தமிழ் பயில்வார்க்கு ஐயமிருத்தற்கில்லை. அத்தகையோருள் ஒரு சாராரை நாம் எவ்வாறு நினைத்தல் வேண்டும் என்பது பற்றி இங்குச் சில சொல்ல விழைகின்றேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே போர்விமானங்கள் பல வேலையின்றி நின்றன. குண்டு சுமத்தற்கும் படைப்பொருள்களை ஏற்றுதற்கும் செய்யப்பட்ட அவற்றைத் தனியார் குறைந்த விலைக்கு வாங்கினர். வயிற்றிலே தொட்டிகளைப் பொருத்தினர். தீ பரவுதலைத் தடுக்கும் உப்புகள் கலந்த செந்நிறக் கரைசலை அவற்றில் நிரப்பிக் காட்டுத்தீயின்மேல் ஏவினர். தீ வருகின்ற திசையிலே அக்கரைசலை ஒரு வரம்புபோற் சொரிந்தால், தரையில் நின்று போராடுவார்க்குச் சிறிது பொழுது கிடைக்கும். அதன்பொருட்டு விமானி மலையிடுக்குகளிலே, புகைக்கும் சுழற்காற்றுக்கும் நடுவே, மரங்களின் உச்சிக்குச் சற்றே மேலாகப் பறத்தல் வேண்டும். உயரப் பறப்பவனுக்குப் பிழை நேரின் திருத்திக்கொள்ள இடமுண்டு; இவனுக்கு அஃதில்லை.

2002-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் கலிபோர்னியா மாகாணத்து வாக்கர் என்னும் ஊரருகே காட்டுத்தீயை அவிக்கச் சென்ற சி-130ஏ விமானமொன்றின் இறகுகள் இரண்டும், கரைசலைச் சொரியும்போதே மேல்நோக்கி மடிந்து உடலினின்றும் பிரிந்தன. அவ்விமானம் 1957-இற் படைக்கெனச் செய்யப்பட்டது. ஸ்டீவன் வாஸ், கிரெய்க் லாபேர், மைக்கேல் டேவிஸ் என்னும் மூவரும் மாண்டனர். ஒரு திங்கள் கழிந்து, ஜூலை 18-இல், கொலராடோ மாகாணத்து எஸ்டெஸ் பார்க் அருகே மற்றொரு விமானம் இடப்பக்கத்து இறகு முறிந்து வீழ்ந்தது. அது உலகப்போர்க் காலத்திற் கடற்படைக்கென வகுக்கப்பட்ட பிரைவேட்டியர் வகையைச் சார்ந்தது. அதிலிருந்த ரிக் ஷ்வார்ட்ஸ், மில்ட் ஸ்டாலக் இருவரும் உயிர் நீத்தனர்.

இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. ஒரு கம்பியை இப்புறமும் அப்புறமும் பலகால் வளைத்தால் அஃது ஒருநாள் ஒடியும். விமானத்தின் இறகும் அத்தகையதே. ஏறத்தாழ 11,000 லிட்டர் சுமையைச் சில நொடிகளிற் கீழே விடுதலும், மலைக்காற்றிலே தாழப் பறந்து மேலெழுதலும் இறகினை ஓயாது வளைக்கின்றன. உலோகம் சோர்வடைகின்றது, மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகின்றது, கண்ணுக்குப் புலப்படாமலே அது வளர்கின்றது. படைத்துறையார் ஒரு தொழிலுக்கெனச் செய்த இறகினை வேறொரு தொழிலுக்கு, அதுவும் மிகக் கொடிய தொழிலுக்கு, முதுமையிலே பூட்டினால், முன்னிருந்த சோதனை முறைகள் போதா. அந்த உண்மையை ஐவர் உயிர் கொடுத்தன்றோ உலகிற்கு உணர்த்தினர்!

ஐவரென்றா சொன்னேன்? இல்லை; எண்மர் என்றே சொல்லுதல் தகும். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-இல், கலிபோர்னியாவிலே பியர்பிளாசம் என்னுமிடத்தருகே, அதே சி-130ஏ வகை விமானமொன்று மூவரோடு வீழ்ந்திருந்தது. எரிபொருள் வெடித்தமையே காரணமென்று அப்போது கருதப்பட்டது. 2002-இல் நேர்ந்தவற்றின்பின் அச்சிதைவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, அங்கும் இறகிலே சோர்வு வெடிப்பிருந்தமை வெளிப்பட்டது. முதல் மூவரின் சாவுக்கு உரிய காரணம் அன்றே செம்மையாக எழுதப்பட்டிருக்குமாயின், பின்னை ஐவரின் இறகுகளை எவரேனும் கூர்ந்து நோக்கியிருக்கலாகாதோ? எட்டாண்டுகள் ஒரு பிழையான காரணம் ஏட்டிலே உறங்கிற்று. அந்த உறக்கத்தின் விலை பெரிது.

ஈண்டு நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: மாண்டாரின் வீரத்தை மட்டும் பாடி, அவர் மாண்ட காரணத்தை மறைக்கின்ற நினைவு, அரைகுறை நினைவு. நம் முன்னோரின் நடுகல் அவ்வாறு செய்யவில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல்லொன்று, மிகச் சுருங்கிய சொற்களிலே, இறந்தவன் பெயரையும், அவன் உயிர் போக்கிய ஆகோளையும் உரைக்கின்றது. எழுத்தில்லாத புலிகுத்திக் கல்லிலோ உருவமே காரணத்தைக் கூறும். வீரனுக்கு எதிரே புலி நிற்கும். புலியைச் செதுக்காது வீரனை மட்டும் செதுக்கிய கல், அவ்வூராருக்கு எவ்வெச்சரிக்கையைத் தரும்? தீயோடு பொருத விமானிகளின் கல்லிலே தீயையும் செதுக்குக. முறிந்த இறகையும் செதுக்குக.

துயருற்ற வேளையிலே குற்றங் கூறுதல் மாண்டாரை இழிவுபடுத்துவதாகும் என்பர் சிலர். உண்மை அதற்கு மாறானது. குற்றம் விமானத்தில் இருந்ததென்று சொல்லாவிடின், அது விமானியின் தலையிலே ஏறும். பழைய விமானங்களையும் விலக்கிவிட்டாற் காடுகளும் ஊர்களும் வெந்தொழியுமே என்பர் வேறு சிலர். இவ்வாதத்திலே பொருளுண்டு, முதுமை தானே ஒரு குற்றமன்று. அதனைச் சோதியாமையே குற்றம். 2002 டிசம்பரில் அமெரிக்காவிலே தனிக்குழுவொன்று, காட்டுத்தீப் பணியிலுள்ள விமானங்களின் பாதுகாப்பு நிலை ஏற்கத்தக்கதன்று என்று வெளிப்படையாகக் கூறிற்று. 2004-இல் பெரிய விமானங்கள் 33-இன் ஒப்பந்தங்கள் முடிக்கப்பட்டன. காரணத்தைச் சொன்னமையாலன்றோ இம்மாறுதல் வந்தது!

எல்லாச் சாவும் முதுமையால் வந்ததென்பதும் என் கருத்தன்று. 2020 ஜனவரி 23-இல் ஆஸ்திரேலியாவிலே கூமா அருகே, முன்பு அமெரிக்கக் கடற்படையிலிருந்து பின்பு தீயணைக்க மாற்றப்பட்ட சி-130 விமானம் வீழ்ந்து, இயன் மெக்பெத், பால் ஹட்சன், ரிக் டிமார்கன் என்னும் மூவர் மறைந்தனர். அங்கு இறகு முறியவில்லை, கொடுங்காற்றே பகையாயிற்று. அன்று வானிலை கண்டு வேறு விமானிகள் பணியை ஏலாதிருந்தும் அவ்விமானம் அனுப்பப்பட்டமையை, 2022-இல் வெளிவந்த ஆய்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. காரணம் வேறு; அதனை உள்ளவாறு எழுதவேண்டிய கடன் ஒன்றே.

அயல்நாட்டார் கதை நமக்கெதற்கு என்று வினவுவார்க்கும் விடையுண்டு. 2024 மார்ச்சிலே குன்னூரையடுத்த காடு பற்றியெரிந்தபோது, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் சென்று, ரேலியா அணையிலே பெருவாளியால் நீர் முகந்து தீயின்மேற் சொரிந்தது. படைகளை ஏற்றுதற்கென்று செய்யப்பட்ட அவ்வூர்தியும், தொங்கும் வாளியோடு மலையிடுக்கிலே தாழப் பறந்தது. அதிலிருந்தோர் நலமே மீண்டனர். இனியும் அவர் நலமே மீளவேண்டுமாயின், பிற நாட்டார் உயிர் கொடுத்து எழுதிய பாடத்தை நாம் இலவசமாகப் படித்துக்கொள்ளல் அறிவுடைமை.

இன்னும் ஒன்று. மூலனூரிலே பருத்தி ஏலம் நடக்கும். சுற்றிலும் பஞ்சும் நூலும் ஆலைகளுமே எம்மவர் வாழ்வு. பஞ்சுக் கிடங்கிலே ஒரு பொறி விழுந்தால் யாது நேருமென்பதைச் சிறுவரும் அறிவர். பழைய பொறியொன்றிலே தொழிலாளியின் கை சிக்கினால், “அவன் விதி” என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகின்ற வழக்கமும் எங்குமுண்டு. அந்தச் சொல் இரக்கம்போல் ஒலிப்பினும், உண்மையில் அது காரணத்தைப் புதைக்கின்ற மண்வெட்டி. தேய்ந்த பல்லும் கழன்ற காப்பும் அடுத்த தொழிலாளியின் கைக்காகக் காத்திருக்க, விதியின்மேற் பழிபோட்டுப் பொறி மீண்டும் ஓடுகின்றது. பியர்பிளாசத்தில் எட்டாண்டு உறங்கிய பிழை நம் ஆலைகளிலும் உறங்குகின்றதன்றோ?

ஆகவே நண்பர்களே, பிறரைக் காக்கச் சென்று மாண்டாரை நினைக்கும்போது மூன்றினை மறவாதிருப்போமாக: அவர் பெயர், அவர் காத்தது, அவரைக் கொன்றது. முதலிரண்டையும் எவரும் மகிழ்ந்தெழுதுவர். மூன்றாவதை எழுதுதற்கே நெஞ்சுரம் வேண்டும். அதனை எழுதாது நட்ட கல் வெறுங்கல்லே; எழுதி நட்ட கல்லோ அடுத்த விமானிக்கு அரணாகும்.