நாலரை அடி தூரம்

கையில் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் சேர்ந்ததும் கோவில்பட்டி பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா, இல்லை சூப்பர்ஜூம் வாங்கலாமா? கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வருகிறவர்கள்தான் சரியில்லை. ஒருத்தர் சென்சார் அளவைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். இன்னொருத்தர் மொட்டைமாடியில் நின்று நிலாவைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டுவார். யாரை எடுக்கப் போகிறாய், எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகிறாய் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. கரிசலில் கேமரா வாங்குகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி.

டிஎஸ்எல்ஆர் பக்தர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். சூப்பர்ஜூம் ஒரு பொம்மை என்பது இவர்களுடைய மந்திரம். சென்சார் சின்னது என்பது உண்மைதான். 2008-இல் வந்த நிக்கான் டி90-இன் சென்சார் 23.6-க்கு 15.8 மி.மீ. 2015-இல் வந்த நிக்கான் பி900 சூப்பர்ஜூமின் சென்சார் ஏறக்குறைய 6.2-க்கு 4.6 மி.மீ. பரப்பில் 13 மடங்கு வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு "பெரிய சென்சார், அதிக வெளிச்சம், பேச்சே கிடையாது" என்று முடித்துவிடுவார்கள். பேச்சு இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவையிடமிருந்து வருகிற வெளிச்சம் லென்ஸின் வாய் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். டிஎஸ்எல்ஆர்காரர்கள் வழக்கமாக மாட்டுகிற 70-300 லென்ஸை முழுக்க நீட்டினால், 300-ஐ 5.6-ஆல் வகுங்கள்: வாய் சுமார் 54 மி.மீ. பி900-ஐ முழுக்க நீட்டினால் அதன் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., துவாரம் எஃப் 6.5. வகுத்தால் 55 மி.மீ. இரண்டு வாயும் ஒரே அகலம். பறவை தருகிற வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றுதான். டிஎஸ்எல்ஆரில் அந்தப் பறவை பெரிய சென்சாரின் நடுவில் எள்ளளவுக்கு உட்கார்ந்திருக்கும், பி900-இல் படம் நிறைய இருக்கும். பறக்கிற பறவையைத் துரத்தி ஃபோகஸ் பிடிப்பதில் டிஎஸ்எல்ஆர் முந்தும். உட்கார்ந்த பறவைக்கு அந்தப் பெருமையும் இல்லை.

அதனால் சூப்பர்ஜூமுக்கு இந்த மண்ணில் உரிய வேலை உண்டு என்பதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பனிக்காலத்தில் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் நம் மானாவாரிக் காடுகளுக்கு வருகின்றன. பயிருக்கு மேலே தாழப் பறந்து, அந்தியில் தரையிலேயே அடைகிற பறவை அது. பக்கத்தில் போனால் எழுந்துவிடும். வல்லநாட்டு வெளிமானும் அப்படித்தான், நாம் அதைப் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்து முடித்திருக்கும். கழுகுமலை வெட்டுவான் கோவிலை நினைத்துப்பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியது. விமானத்தைச் சுற்றிப் பள்ளம். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி பள்ளத்துக்கு அந்தப் பக்கம், உயரத்தில் இருக்கிறார். விளிம்பில் நின்று ஜூமை நீட்டுவதுதான் மரியாதையான வழி. அவர் ஏற்கெனவே அலங்காரம் பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை.

இதற்கும் நேரம் காலம் உண்டு. காலை பத்து மணி தாண்டினால் கரிசல் சூடேறி, தரைக்கு மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். கறுப்பு மண் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிற மண். நூறு மீட்டர் கானலை ஊடுருவி எடுத்த படத்தில் மான், தண்ணீருக்குள் நிற்கிற மான் போலத் தெரியும். எந்த லென்ஸாலும், எந்த மென்பொருளாலும் அதைச் சரிபண்ண முடியாது. 83 மடங்கு, 125 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்திருப்பது நம் ஊரில் காலையில் மூன்று மணி நேரத்துக்கும் சாயந்திரம் ஒரு மணி நேரத்துக்கும்தான் செல்லும். வியூஃபைண்டர் இல்லாத சின்ன சூப்பர்ஜூம் என்றால் அதற்கு முன்னால் இன்னொரு சிக்கல்: நடுவெயிலில் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

பறவைக்கும் கல்லுக்கும் வாங்கிய ஜூமை மனுசர் மேல் திருப்பும்போதுதான் எனக்கும் அந்தக் கேமராவுக்கும் சண்டை.

கணக்கு போடுவோம். டி90-இல் 35 எம்எம் லென்ஸை மாட்டி, ஒருத்தரைத் தலை முதல் இடுப்பு வரை செங்குத்துப் படத்தில் நிறைக்க வேண்டுமானால் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் சுமார் 1.3 மீட்டர். நாலரை அடி. அதே படத்தை பி900-இன் முழு ஜூமில் எடுக்க 50 மீட்டர் தள்ளி நிற்கலாம். நூற்று அறுபது அடிக்கு மேல். இடையில் ரெண்டு வரப்பும் ஒரு வேலிக்கருவையும் இருந்தால் இன்னும் வசதி. நாலரை அடியில் நின்றால் வாயைத் திறந்தாக வேண்டும். "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். "எதுக்குய்யா? எந்த ஊரு நீ? யாரு மகன்?" என்று திருப்பிக் கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். "இரு, தலையச் சீவிட்டு வாரேன்" என்று உள்ளே போனால் காத்திருக்க வேண்டும். ஐம்பது மீட்டரில் இது எதுவும் கிடையாது. அந்தம்மா களை வெட்டிக்கொண்டே இருப்பார், தன் முகம் போனதே தெரியாமல்.

இதற்கு 'கேண்டிட்' என்று ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. இயல்பாக இருக்கும்போது எடுத்தால்தான் உண்மையாம், கேட்டுவிட்டால் விறைப்பாகிவிடுவார்களாம். விறைப்பாகத்தான் நிற்கட்டுமே! நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் மூன்று தலைமுறையாக ஜனங்கள் தலை சீவி, பவுடர் போட்டு, புதுச்சேலை கட்டி, கைகளைத் தொடைமேல் வைத்து விறைப்பாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவு அந்த விறைப்பு. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்துக்காரர் ஒருவரின் படங்கள் நமக்குக் கிடைத்திருப்பது ஐந்து. ஐந்திலும் பாரதி தயாராகி வந்து கேமராவுக்கு முன்னால் நிற்கிறார் அல்லது உட்கார்ந்திருக்கிறார். 1919-இல் காரைக்குடியில் எடுத்த படத்தில் அந்தத் தடியைப் பிடித்திருக்கிற விதத்தை யாராவது செயற்கை என்று சொல்வார்களா? தலைப்பாகை கட்டிக்கொள்ள பாரதிக்கு நேரம் கொடுத்தோம். பருத்திக்காட்டில் நிற்கிற பாட்டிக்குச் சீப்பு எடுக்க நேரம் தர மாட்டோம். அவர் கலைந்த தலையோடு இருந்தால்தான் நமக்குக் கரிசல்.

இந்த 'நமக்குக் கரிசல்' என்பதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிறது. சனி ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து எடுத்துப்போகிற படங்களைப் பாருங்கள். வெடித்த நிலம். சுருக்கம் விழுந்த முகம். ஒற்றைப் பனை. போட்டியில் பரிசு வாங்கும்போது கீழே 'வறட்சி' என்று தலைப்பு. கரிசல் மண் வெடிப்பது அதன் பிறவிக்குணம். அதிலிருக்கிற களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நல்ல மழை பெய்து களஞ்சியம் நிறைந்த வருசத்திலும் சித்திரை மாதம் அது பாளம் பாளமாக வெடிக்கத்தான் செய்யும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் விழுந்து, அடுத்த மழையில் நிலம் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. ஒரு மண் மூச்சு விடுவதைப் படம் எடுத்துச் சாவு என்று பெயர் வைக்கிறார்கள். நீண்ட ஜூம் இந்தப் பொய்க்கு ரொம்ப ஒத்தாசை. நாலு வெடிப்பை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொடுக்கும்; பக்கத்துக் கிணற்றுப் பாசனத்தில் நிற்கிற மிளகாய்ச் செடியையும், வரப்பில் சாத்திவைத்த பைக்கையும், ஓரத்தில் தெரிகிற தீப்பெட்டி ஆபீஸ் சுவரையும் வெளியே தள்ளிவிடும். 35 எம்எம் லென்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சுற்றி இருப்பதெல்லாம் படத்துக்குள் வந்து நிற்கும்.

கிட்டே போனால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தேடி அலைய வேண்டாம். இடைசெவல் கி. ராஜநாராயணனைப் பற்றி நம் மனசில் இருக்கிற முகம் பெரும்பாலும் புதுவை இளவேனில் எடுத்த முகம். வருசக்கணக்காக வீட்டுக்குள் போய்வந்த ஆளுக்குத்தான் அந்த முகம் கிடைக்கும். எம். பழனி குமாரைப் பாருங்கள். திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர். தூய்மைப் பணியாளர்களை எடுத்த அவருடைய பல படங்களில் அவர்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பார்ப்பவன் கண்ணைத் தாழ்த்தும்படி பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை ஜூம் பண்ணி வாங்க முடியாது, எதிரில் நிற்பவனுக்குத்தான் அது கிடைக்கும்.

ஒரு எதிர்வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். கேமராவோடு தனியாகப் போகிற பெண்பிள்ளை, டீக்கடை முன்னால் கூடியிருக்கிற ஆம்பிளைகளிடம் நாலரை அடியில் போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தூரம் ஒரு காப்பு. அந்தக் காப்பை எனக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான். கைப்பேசி போதாதா என்று கேட்பவர்களுக்கு: மனுசரை எடுக்கப் போதும். சூப்பர்ஜூமைவிட அது மேல், அதன் பிரதான லென்ஸ் உங்களை இன்னும் கிட்டே தள்ளும். வீட்டுக்குள், ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில்தான் அது திணறி, முகத்தை மெழுகாக்கிவிடும்.

பழைய டிஎஸ்எல்ஆரிடம் நான் எதிர்பார்க்கிற தொழில்நுட்ப உபகாரம் அங்கேதான் இருக்கிறது. எஃப் 1.8 லென்ஸ் திறந்தால் அடுப்படி வெளிச்சமே போதும். வெளியில் வேறொரு பாடம். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். படம் முழுக்கக் கரிசல் மண் நிறைந்தால், 'ஐயோ இருட்டு' என்று வெளிச்சத்தைக் கூட்டும். மண் சாம்பலாகும், வெள்ளைத் துண்டு வெளுத்துக் காணாமல் போகும். அங்கே ஒரு படி குறைக்க வேண்டும். அதே காட்டில் பத்தடி நடந்து, வெடித்த பருத்தி நிறைந்த செடிகளுக்கு முன்னால் நின்றால் தலைகீழ்: பஞ்சைப் பார்த்து மீட்டர் பயந்து குறைக்கும், எடுக்கிறவரின் கறுத்த முகம் இருட்டில் போய்விடும். ஒரு படி கூட்டணும். இந்தக் கூட்டல் கழித்தல் சூப்பர்ஜூமிலும் உண்டு. ஆனால் கணக்கு கொஞ்சம் தவறினால் டிஎஸ்எல்ஆரின் ரா ஃபைலிலிருந்து முகத்தை மீட்கலாம் (இங்கே ரா என்பது கி.ரா. இல்லை). பி900 ரா ஃபைலே தராது, ஜேபெக் மட்டும்தான். கறுப்பு மண்ணும் வெள்ளைப் பஞ்சும் கறுத்த முகமும் ஒரே படத்தில் வருகிற ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

ஆக, பறவைதான் உன் ஆசை என்றால் சூப்பர்ஜூமையே வாங்கு, எவன் பொம்மை என்றாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, மனுசர் பக்கம் மட்டும் அதை நீட்டாதே. மனுசர்தான் ஆசை என்றால் பழைய டிஎஸ்எல்ஆர். கூடவே தள்ளிவிடப் பார்க்கிற 55-200, 70-300 லென்ஸ்களை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல். 300-ஐ மாட்டினால் நீயும் பதினோரு மீட்டர் தள்ளி ஒளிந்துகொள்கிற ஆள்தான். வாங்குமுன் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார். டி90-இன் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருக்கிறார்கள். எழுபதாயிரம் ஓடியது என்றால் பேரம் பேசலாம். டி3100, டி5100 உடம்புகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் 'டி' லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் திருகணும்; டி90, டி7000-இல் தானாக ஓடும். கடற்கரை ஊரிலிருந்து வருகிற லென்ஸை டார்ச் அடித்து உள்ளே பார், பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். நம் ஊர் உலர்ந்த காற்றில் அந்தத் தொந்தரவு குறைவு, அதற்குப் பதிலாகப் புழுதி இருக்கிறது. காட்டுக்குள் நின்று லென்ஸ் மாற்றாதே. ஒரே லென்ஸ் என்றால் மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

இருபத்தைந்தாயிரத்தில் ஓராயிரத்தைத் தொடாமல் எடுத்து வை. அது பிரிண்ட் போட. நாலரை அடியில் நின்று எடுத்தால் "எனக்கு ஒண்ணு தருவியாய்யா?" என்று கட்டாயம் கேட்பார்கள், நீயும் தருகிறேன் என்று சொல்லியிருப்பாய்.