ஆமையைக் காப்பாற்றும் வளைந்த முள்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குபவர்களுக்குக் கடல் என்பது ஐஸ் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. பெட்டியில் கிடக்கும் சூரை எப்படிப் பிடிபட்டது என்று யாரும் கேட்பதில்லை. சாம்பல் நிற அணிலுக்காக 1988-லேயே சரணாலயம் வந்த பகுதி இது. கேட்கலாம்.

ஆழ்கடல் சூரைக்குப் போடுவது ஆயிரங்கால் தூண்டில். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரே கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த முள். அந்த இரையைக் கடல் ஆமையும் விழுங்கும். ஆமைக்கு இருப்பது நுரையீரல். மேலே வந்து மூச்சு விட முடியாமல் போனால், மூழ்கியே செத்துப்போகும்.

வழக்கமான முள் ஆங்கில 'ஜே' எழுத்து வடிவம். தொண்டைவரை போய்க் குத்திவிடும். வட்ட முள்ளின் கூர்முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். பெரிய வட்ட முள் ஆமையின் வாய்க்குள் எளிதில் போகாது. போனாலும் பெரும்பாலும் தாடை ஓரத்தில்தான் மாட்டும். இரையிலும் விஷயம் இருக்கிறது. ரப்பர் போன்ற கணவாயை ஆமை அப்படியே விழுங்கும். மீனைக் கடித்துக் கடித்துத் தின்னும்.

ஹவாயில் ஆமைகளுக்காகவே 2001-ல் வாள்மீன் தூண்டில் தொழில் நிறுத்தப்பட்டது. 2004-ல் வட்ட முள், மீன் இரை என்ற நிபந்தனைகளோடு திறந்தார்கள். ஆமைகள் சிக்குவது 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. வாள்மீனும் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால், அங்கே சூரை குறைந்தது. எனவே இரையை நம் கடலில் சோதித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நமக்கு இது ஏன் அவசரம்? பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகுகள் தரும் திட்டம் 2017-ல் வந்தது. தொடக்கத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். அதில் 70 சதவிகிதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவலைகள் மீதுதான் பழி விழுந்தது. ஆக, இழுவலை குறைவது நல்லதுதான். அதற்காகக் கரையோரத்தில் தப்பித்த ஆமை ஆழ்கடலில் மாட்டிக்கொள்ளலாமா? 80 லட்சம் படகோடு வட்ட முள்ளையும் சேர்த்துக் கொடுத்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை.

முள்ளை எடுக்கும் கருவி, கயிறு வெட்டும் கருவி இரண்டும் தூண்டில் கப்பல்களில் இருக்க வேண்டும் என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2012-லேயே சொல்லிவிட்டது. இந்தியாவும் அதில் உறுப்பினர். சிக்கிய ஆமையைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கைவலையில் ஏந்த வேண்டும். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று வீசிவிடவும் கூடாது. பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நிழலில், மூக்கை மூடாமல் ஈரத்துணி போர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில ஆமைகள் தேறுவதற்கு ஒரு நாள்கூட ஆகும்.