ஏற்புக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசை

அம்பாசமுத்திரம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து பிரெஞ்சு பயிலப் பிரான்சுக்குச் செல்லும் மாணவர், விடுதியைவிட, கட்டணம் பெற்று அறையும் உணவும் அளிக்கும் வீடாகிய 'ஏற்புக் குடும்பத்தில்' தங்குவதே மேல். ஏனெனில், 1964இல் தொடங்கப்பட்ட விஷி நகரத்துக் கவிலாம் போன்ற மொழிப்பள்ளிகள் வகுப்பில் கற்பிக்கும் இலக்கணம், குடும்பத்தார் கூடி உண்ணும் இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் பேச்சாக மாறுகிறது. சோறும் சொதியும் பழகிய நாவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தொடக்கத்தில் ஒவ்வாதுதான்; ஆயினும், புலால் உண்ணாதவர் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, மேசையில் தட்டு வைக்கவும் எடுக்கவும் கைகொடுத்து, பிழையோடேனும் பேசத் தொடங்கிவிட்டால் அயன்மை விரைவில் விலகும். தட்டோடு அறைக்குள் ஒதுங்கி, அலைபேசியில் ஊராருடன் தமிழிலேயே பொழுதைக் கழிப்பவர், சென்ற பயணத்தின் பெரும்பயனை இழக்கிறார். பெற்றோர் செலவை மட்டும் ஒப்பிட்டு விடுதியைத் தேர்ந்துவிட வேண்டாம்.