உதிர்ந்த கொம்பு யாருக்குச் சொந்தம்?

வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரும் பருவத்தில் ஏரிக்கரையில் நின்றால், கூழைக்கடாக்களை எண்ணுவதைவிடக் காமிராக்களை எண்ணுவது சுலபம். கட்டணம் செலுத்திவிட்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கரையில் கிடக்கும் இறகு ஒன்றைக் குனிந்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அது குற்றமாகிவிடும். சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி எதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி.

அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்கு வந்தால் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையின் அடியில், பின்னங்காலால் முகத்தைச் சொறிந்துகொள்ளும் மானை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. இந்த ஊரில்தான் 1957-இல் சர்க்கார் சிற்பப் பள்ளி தொடங்கிற்று. 2017-இல் இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் யானையும் ஆமையும் இங்கே மாக்கல்லில் பிறக்கின்றன.

கல்லில் மானைச் செதுக்கலாம். மானின் கொம்பிலேயே ஒரு சிறு மானைச் செதுக்கலாமா?

பிற நாடுகளில் இது பழைய கலை. ஜப்பானியர் தங்கள் அரைக்கச்சையில் பையைத் தொங்கவிடப் பயன்படுத்திய நெட்சுகே என்னும் சின்னஞ்சிறு உருவங்களில் தந்தத்தாலும் மரத்தாலும் ஆனவை உண்டு. மான் கொம்பால் ஆனவையும் உண்டு. இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கொம்பில் ஆந்தையும் கரடியும் செதுக்கி, நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, படத்தைக் காட்டியே விற்கிறார்கள். வயோமிங் மாநிலத்து ஜாக்சன் நகரில் இன்னொரு வேடிக்கை. பக்கத்திலுள்ள சரணாலயத்தில் உதிர்ந்து கிடக்கும் எல்க் மான் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கி வந்து மே மாதத்தில் ஏலம் விடுகிறார்கள். பணத்தில் பெரும் பங்கு சரணாலயத்துக்கே போகிறது.

நம் நாட்டில் அதைச் செய்ய முடியாது. ஏன் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். ஏனெனில், உதிர்ந்த கொம்பால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் மூடர்களல்லர்.

நாம் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்லிவிடுகிறோம். மாடும் ஆடும் வெளிமானும் தாங்குகிற கொம்பு ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது; நடுவே எலும்பும் மேலே நகம் போன்ற உறையும் கொண்டது. புள்ளிமானும் கடமானும் தாங்குவது வேறு ஜாதி. அது முழுக்க எலும்பு. மென்மயிர்த் தோல் போர்த்து, இரத்தம் ஓட வளர்ந்து, முற்றியதும் தோல் உரிந்து, பிறகு ஒரு நாள் தானே கழன்று விழுகிறது. மறுபடியும் முளைக்கிறது. விழுந்ததும் வீணாவதில்லை. முள்ளம்பன்றியும் எலியும், ஏன், மான்களுமே அதைக் கடித்துத் தின்கின்றன. காட்டு மண்ணில் கிடைக்காத சுண்ணச்சத்தும் பாஸ்பரச்சத்தும் அவற்றுக்கு அதில் கிடைக்கின்றன.

இதைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. உதிர்ந்த கொம்பின் அடிப்பாகம் குமிழ்போல் மூடியிருக்கும். கொன்ற மானின் கொம்பில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். அல்லது அறுத்த தடம் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் செதுக்குபவர் முதலில் செய்வதென்ன? அடியை அறுத்து எறிவதுதான்! அதோடு சாட்சி தொலைந்தது. எவ்வளவு அழகாகப் படமெடுத்தாலும் படத்தில் உருவம் தெரியும். கொம்பு வந்த வழி தெரியாது. அமெரிக்காவில் எல்க் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு உண்டு. வேட்டைக் கொம்பை அங்கே ஒளிக்க வேண்டியதில்லை. இங்கே வேட்டையே கிடையாது. ஆகவே, கொன்றெடுத்த கொம்பு சந்தைக்கு வர வேண்டுமானால் உதிர்ந்த கொம்பு என்று வேஷம் போட்டுத்தான் வர வேண்டும். ஷெபீல்டு கத்திகளின் கைப்பிடிக்காக நம் கடமான் கொம்பு கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. 1990-களின் இறுதியில் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியே என்பது நமது அபிப்பிராயம்.

மயிலுக்கு ஒரு நீதியா?

ஆனால் சட்டம் எங்கும் ஒரே கண்டிப்புடன் இருக்கிறதா என்றால், இல்லை. மயிலும் ஆண்டுதோறும் தோகை உதிர்க்கிறது. அந்தப் பீலியை உள்நாட்டில் வைத்திருக்கவும் விற்கவும் இதே சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. முருகன் கோயில் வாசலில் பீலி விற்பவரை யாரும் பிடிப்பதில்லை. பிடுங்கிய பீலியின் அடியை நறுக்கிவிட்டால் அங்கேயும் சாட்சி தொலைந்துதான் போகிறது. பக்தியும் வழக்கமும் மயிலுக்கு வாங்கித் தந்த சலுகையை மான் கொம்புக்குக் கேட்க ஆளில்லை. கேட்கவும் வேண்டாம்.

செதுக்கத் துடிக்கும் கைக்கு வழி இருக்கிறது. எருமைக் கொம்பு வீட்டு விலங்கினுடையது, தடையில்லை. திருவனந்தபுரத்துக் கைவினைஞர்கள் அதில் செய்யும் கொக்கு நாரைகள் பெயர் பெற்றவை. ஒரிசாவின் பரளாகெமுண்டியிலும் இந்தத் தொழில் உண்டு. வேடந்தாங்கலுக்கு வருகிறவர்கள் படத்தோடு ஒரு கருங்கொம்பு நாரையையும் வாங்கிச் செல்லும்படி ஏற்பாடு செய்தால், மாமல்லபுரத்து உளிக்கும் வேலை, வேடந்தாங்கல் கிராமத்துக்கும் வருமானம். பறவைகளால் லாபம் பெறுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு உரமானதால்தான் அந்தக் குடியானவர்கள், துப்பாக்கி தூக்கி வந்த வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்கும்படி ஜில்லா கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்.

உண்மையில் சங்கடப்படுகிறவர்கள் வேறு சிலர். பாட்டனார் காலத்துக் கொம்பு சுவரில் தொங்கும் பழைய வீடுகள் எத்தனையோ! இருப்பைத் தெரிவிக்க 2003-ஆம் ஆண்டு விதிகள் 180 நாள் அவகாசம் தந்தன. அந்த அறிவிப்பு எத்தனை கிராமத்து வீட்டுத் திண்ணையை எட்டியிருக்கும்? 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தம், பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்திவிட்டது. அதே திருத்தம், வேண்டாதவர்கள் ஒப்படைத்துவிடவும் வழி செய்தது. ஆனால் அந்த வழி உடைமைச் சான்று வைத்திருப்பவர்களுக்கு! சான்று இல்லாதவர்தானே பயப்படுகிறவர்? அவர் கொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கொடுத்த கையிலேயே விலங்கு விழுமோ என்று அஞ்சுகிறார். இரவில் புதைக்கிறார், அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். விற்ற கொம்பு எந்த உளிக்குப் போகிறது என்று யார் கண்டார்கள்?

மத்திய சர்க்கார் இன்னொரு முறை 180 நாள் அவகாசம் கொடுக்கட்டும். இந்த முறை தமிழில் தண்டோராப் போட்டு, ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்று எழுத்தில் சொல்லட்டும். வருகிற கொம்புகளுக்கு ரசீது கொடுத்துவிட்டு, அவற்றை எல்லோரும் பார்க்கும்படி எரித்துவிடட்டும். 2021 செப்டம்பரில் அஸ்ஸாமில் சுமார் 2,500 காண்டாமிருகக் கொம்புகளை அப்படித்தான் எரித்தார்கள்.